துளை போடும் முன் கையை அளந்து பாருங்கள்: பௌலிங் பந்து லேஅவுட் கேள்வி பதில்

கிரிக்கெட் பந்துவீச்சு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங். ஒரு விஷயம் முதலிலேயே: கீழே 'பின்' என்று வருவது பந்தின் மேல் தெரியும் வண்ணப் புள்ளி. உள்ளே இருக்கும் கருவின் உச்சி அங்கேதான். சாய்கிறவற்றைக் கட்டை என்றே சொல்கிறேன், இல்லையென்றால் எனக்கே குழம்பும்.

அண்ணா, நண்பனின் பந்து அருமையாக வளைகிறது. அதே இடங்களில் எனக்கும் துளை போட்டால் போதுமா?

போதாது. நானும் ஆரம்பத்தில் இப்படி நகலெடுத்து ஒரு நல்ல பந்தைப் பாழாக்கியவன்தான். லேஅவுட் என்பது கருவைப் பொறுத்துத் துளைகள் அமையும் விதம். அதை அளப்பது பிஏபி என்ற புள்ளியிலிருந்து. கையை விட்ட கணத்தில் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பந்தின் மேற்பரப்பைத் தொடும் புள்ளி அது. நண்பருக்கு அது பிடியின் நடுவிலிருந்து 5 அங்குலம் தள்ளி இருக்கலாம், உங்களுக்கு 4. துளைகள் ஒரே இடத்தில் இருந்தாலும் பின்னுக்கும் பிஏபிக்கும் உள்ள தூரம் மாறிப்போகும்.

அதை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஸ்பேருக்கு, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய கட்டைகளைச் சாய்க்க, வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தை எண்ணெய் உள்ள லேனில் (பந்து ஓடும் தடத்தில்) உருட்டுங்கள். திரும்பி வந்ததும் துடைத்துவிடாதீர்கள். பந்தில் எண்ணெய் ஒரு வளையமாக ஒட்டியிருக்கும். அந்த வளையத்தின் எல்லா இடத்திலிருந்தும் சம தூரத்தில், துளைகள் இருக்கும் பக்கமாக உள்ள புள்ளிதான் பிஏபி. அங்கே ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி மறுபடி வீசி, ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். கையை விட்டதும் டேப் ஒரே இடத்தில் நின்று சுழன்றால் சரி. வட்டமடித்தால் கொஞ்சம் நகர்த்தி ஒட்டுங்கள். இதற்கு அரை மணி நேரம் செலவழிக்காதவர்தான் பிறகு பந்தைக் குறை சொல்வார்.

என் வேகம் அதிகம், சுழற்சி குறைவு. பந்து வளையாமல் நேராக வழுக்கிப் போகிறது.

லேஅவுட்டில் மூன்று எண்கள் உண்டு. நடுவில் இருப்பது பின்னுக்கும் பிஏபிக்கும் உள்ள தூரம். பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம், அதில் கால்வாசி 6¾. அதில் சரிபாதியான 3⅜ அங்குலத்தில் பின் இருந்தால் கரு மிக அதிகமாகத் தள்ளாடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு லேனைத் தொடும், பிடிப்பும் கூடும். மற்ற இரண்டும் கோணங்கள். இது பந்து வடிவமைப்பாளர் மோ பினெல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. கோணங்களின் கூட்டுத்தொகை சிறிதானால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும், பெரிதானால் தாமதிக்கும். உங்களுக்கு 45 டிகிரி, 4 அங்குலம், 35 டிகிரி என்ற அளவில் ஆரம்பிக்கலாம். அப்புறம், பரப்பை 1000 எண் தேய்ப்பானால் (எண் கூடக் கூட வழவழப்பு) சொரசொரப்பாக்கிப் பாருங்கள். வளைவை லேஅவுட்டைவிட மேற்பரப்புதான் அதிகம் மாற்றும். கடையில் துளை போடுகிற நானே சொல்கிறேன்.

நான் இரண்டு கை ஆட்டக்காரன். கட்டைக்குப் போகும் முன்பே பந்து சோர்ந்துவிடுகிறது.

சுழற்சி அதிகம் என்பதால் சக்தி பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. முதலில் பரப்பை 4000 எண் தேய்ப்பான் வரை மெருகேற்றுங்கள், செலவு குறைவு. அதிலும் சரியாகாவிட்டால் பின்னை 5 அங்குலத்துக்குத் தள்ளி, கோணங்களைப் பெரிதாக வையுங்கள். கட்டைவிரலைப் பயன்படுத்தாதவர் என்றால் அதற்குத் துளையே போடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் யுஎஸ்பிசி (அமெரிக்க பௌலிங் அமைப்பு) விதிப்படி எடைச் சமநிலைக்கான துளைக்கு இடமில்லை. வீசும்போது விரல் நுழையாத துளையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

உருளும்போது டக் டக் என்று சத்தம் வருகிறது, சார். பந்து உடைந்துவிட்டதா?

உடைந்திருக்காது. எண்ணெய் வளையம் விரல் துளையின் மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் லேஅவுட் தப்பு. அடைத்து மறுபடி போட வேண்டியதுதான்.

இடது கைக்காரருக்குத் தனி எண்களா?

அதே எண்கள்தான், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். துளை போடுகிறவரிடம் மட்டும் இடது கை என்று இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.