மகள் இசிஇ படிக்கிறாள், ஐடிக்குப் போகச் சொல்லவா? ஒரு அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். மகள் மூன்றாம் ஆண்டு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), சொந்தக்காரர்கள் எல்லாரும் ஐடிக்கு அனுப்பச் சொல்கிறார்கள், அவளோ லேபை விட்டு வர மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தடுக்காதீர்கள். புரோகிராமிங்கும் லேபும் சேர்ந்த வேலை ஒன்று இருக்கிறது: டெஸ்ட் இன்ஜினியர், வேலிடேஷன் இன்ஜினியர்.

ஒரு சிப் விற்பனைக்கு வருமுன் வெவ்வேறு வோல்டேஜில், வெவ்வேறு வெப்பநிலையில் ஆயிரக்கணக்கான அளவுகள் எடுத்தாக வேண்டும், அதை ஆள் உட்கார்ந்து குமிழைத் திருகி நோட்டில் எழுதி முடிக்க முடியாது. கம்ப்யூட்டர்தான் பவர் சப்ளைக்கு 5 வோல்ட் வை என்று செய்தி அனுப்பும், மல்டிமீட்டரிடம் அளவு கேட்கும், பதிலைச் சேமிக்கும். இப்படிக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஹெச்பி கம்பெனி கொண்டுவந்த கேபிள் முறை 1975ல் ஐஇஇஇ 488 என்ற தரநிலை ஆனது. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி கட்டளை வேறாக இருந்து படாதபாடு. 1990ல் எஸ்சிபிஐ (SCPI) என்ற பொதுக் கட்டளைமுறை வந்தது, இன்றும் யூஎஸ்பியிலும் லேனிலும் அதுதான் ஓடுகிறது.

இனி வருவது அவளுக்கு, மகளிடம் காட்டுங்கள். பைத்தான் புரோகிராமிங் மொழியும், அதிலிருந்து கருவிகளோடு பேச உதவும் பைவிசா (PyVISA) என்ற லைப்ரரியும் இலவசம். லேபில் இருக்கும் டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்பின் பின்னால் சதுரமான யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா பாரம்மா, இருந்தால் லேப் சாரிடம் அனுமதி வாங்கி லேப்டாப்பை இணைத்து, நீ யார் என்று கேட்கும் '*ஐடிஎன்?' (*IDN?) கட்டளையை அனுப்பு. கருவி தன் கம்பெனி, மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு என நான்கையும் கமா போட்டுச் சொல்லும். கேள்விக்குறியை விட்டுவிட்டால் பதிலே வராது, இரண்டு நொடி காத்திருந்துவிட்டு பைவிசா டைம்அவுட் என்று நின்றுவிடும். அப்போது கேபிளைக் குறை சொல்லாமல் 'சிஸ்ட்:எர்?' (SYST:ERR?), அதாவது என்ன பிழை என்று கருவியையே கேட்டால், மைனஸ் 113, இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று அதுவே சொல்லும். அந்த இடத்தில் சலிக்காமல் புரோகிராமிங் மேனுவலைத் திறக்கிற பிள்ளை என்றால் இந்தத் துறைக்கு ஏற்றவள் என்று தயங்காமல் சொல்வேன், மார்க் அப்புறம்தான். கருவி கிடைக்காவிட்டால் பைவிசா-சிம் என்ற போலிக் கருவியில் பழகலாம்.

சரி அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். ஐடி அளவுக்கு இதில் இடங்கள் கிடையாது, பெங்களூருக்குப் போக வேண்டிவரலாம், முதல் வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கவும் நேரும். ஆனால் பைத்தான் கையில் இருப்பதால் சாஃப்ட்வேர் கதவு மூடிவிடாது. சான்றிதழ் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களில் மட்டும் பணம் கட்டாதீர்கள். அதைவிட, ஃபங்ஷன் ஜெனரேட்டரையும் ஸ்கோப்பையும் கம்ப்யூட்டரே இயக்கி ஒரு ஃபில்டரின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை வரைகிற மினி புராஜெக்டை அவளே செய்யட்டும். வேலை முடிந்ததா என்று கருவியைக் கேட்கும் '*ஓபிசி?' (*OPC?) கட்டளையை ஏன் போட்டாய் என்று இன்டர்வியூவில் கேட்டால், அளவு முடியுமுன் படித்துவிடாமல் இருக்கத்தான் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.