கார்ப்பல் டனல் வலிக்கு பிசியோதெரபி மட்டும் போதுமா?

இரவில் கை மரத்துப்போய் தூக்கம் கலைகிறது, அறுவை சிகிச்சை இல்லாமல் பயிற்சியிலேயே சரியாகுமா என்பது கேள்வி. தொடக்க நிலை என்றால் பலருக்குக் குறையும். ஆனால் பயிற்சியைவிட முதலில் வேண்டியது இரவு ஸ்பிளின்ட், அதாவது தூங்கும்போது மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் உறை.

மணிக்கட்டுக்குள் இருக்கும் கார்ப்பல் டனல் என்ற குறுகிய பாதையில் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்), கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை உணர்வு தரும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். அதனால் மணிக்கட்டு நேராக, 0 டிகிரியில் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பல ஸ்பிளின்ட்களில் உலோகப் பட்டை கையைப் பின்பக்கம் 20 டிகிரிக்கு மேல் வளைத்து வைத்திருக்கும். பட்டையை உருவி நேராக்கிவிட்டுப் போடுங்கள். குறைந்தது 6 வாரம், ஒரு இரவும் விடாமல்.

பகலில் தசைநாண் பயிற்சி: விரல்களை நேராக நீட்டுங்கள், கொக்கிபோல் வளையுங்கள், பிறகு முழுதாக மூடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 5 நொடி. 5 முதல் 10 சுற்று, நாளுக்கு 3 வேளை. மரமரப்பு கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

பந்தைப் பிசைவது இப்போது வேண்டவே வேண்டாம். இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகளும் அந்தப் பாதைக்குள் இழுபட்டு நெரிசலைக் கூட்டும்.

சுண்டுவிரலும் மரத்தால் காரணம் முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம். கட்டைவிரலடிச் சதை வற்றினாலோ, மரமரப்பு நாள் முழுக்க நீடித்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள்; மருத்துவரைப் பார்த்து நரம்பு வழியே சமிக்ஞை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வற்றிய தசை முழுதாகத் திரும்பாமலே போகலாம்.