மூன்று சிறு கல்லூரிகளும் ஒரு வயலினும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். மினசோட்டாவின் கார்ல்டன், அயோவாவின் கிரின்னல், கனெக்டிகட்டின் வெஸ்லியன் ஆகிய மூன்று லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மே 1க்குள் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். கணிதம் படிப்பேன் என்கிறாள். சில நாட்களில் தத்துவம் என்கிறாள். ஒரு கணக்கை எடுத்தால் மூன்று நாள் அதையே சுமந்து திரிவாள். பத்து ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்பதால் வெஸ்லியனே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அவள் பிடிகொடுக்காமல் பேசுகிறாள். உதவித்தொகை போக நாங்கள் கட்டவேண்டியது மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். என் மைத்துனரோ, "பேர் தெரியாத ஆர்ட்ஸ் காலேஜுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்கிறார். கல்லூரிகள் அனுப்பிய புத்தகங்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மைத்துனருக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். பொறியியலில் இடம் கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்று நம் ஊரில் "ஆர்ட்ஸ் காலேஜ்" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் படிந்துவிட்டது. இங்கே பேசப்படுவது அதுவல்ல; கணிதம், அறிவியல், இலக்கியம், தத்துவம் என்று பல துறைகளையும் தொட்டுப் படிக்கவைக்கும் சிறிய இளநிலைக் கல்லூரி. இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் பட்டம் பெற்றது கிரின்னலில்தான். அப்போதுதான் உலகுக்கு அறிமுகமாகியிருந்த டிரான்சிஸ்டரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அக்கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் கிராண்ட் கேல். சோளக்காட்டு நடுவிலுள்ள ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு அந்த ஆசிரியர் அதைச் செய்தார் என்பதை மைத்துனரிடம் சொல்லிப்பாருங்கள். அவர் மசிய மாட்டார் என்றே நினைக்கிறேன், போகட்டும்.

மூன்றும் ஒன்றுபோல் இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் அந்தப் புத்தகங்கள்தான். இலையுதிர்கால மரம், அதனடியில் வட்டமாக அமர்ந்த மாணவர்கள், சிரிக்கும் பேராசிரியர் என்று எல்லாக் கல்லூரியும் ஒரே படத்தைத்தான் அச்சடிக்கிறது. அவற்றை மூடிவைத்துவிட்டு, இந்த ஆண்டு உண்மையில் நடக்கும் வகுப்புகளின் கால அட்டவணையை மூன்று கல்லூரித் தளங்களிலும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பாடப்பட்டியல் வேறு, கால அட்டவணை வேறு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகன் படித்த சிறு கல்லூரியின் பாடப்பட்டியலில் இடவியல் என்ற கணிதப்பிரிவு இருந்தது; அதன் கீழே சிறிய எழுத்தில் "இரண்டாண்டுக்கு ஒருமுறை" என்றும் இருந்தது. அதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவனுக்கு முறை வந்த ஆண்டில் அதை நடத்தக்கூடிய ஒரே ஆசிரியர் சபாட்டிகல் எனப்படும் நீண்ட ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டார், அவனும் அந்தப் பாடத்தைப் படிக்காமலே பட்டம் வாங்கினான். சிறிய கல்லூரி என்றால் சிறிய துறை என்றும் பொருள். ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பேர் சொல்லி அழைப்பார், ஆனால் அவர் ஓராண்டு இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். ஆகவே கணிதம், தத்துவம் ஆகிய இரண்டு துறைகளிலும் மேல்நிலைப் பாடங்கள் கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை முறை நடந்தன என்று எண்ணிப் பார்ப்பது எந்தத் தரவரிசையைக் காட்டிலும் பயன்படும்.

இந்த இடத்தில் வெஸ்லியனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏறத்தாழ 3,000 இளநிலை மாணவர்கள் உள்ள அந்தக் கல்லூரியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வரை படிக்கலாம் என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே பாடங்களை முடித்துவிட்டு மேலே என்ன என்று கேட்கும் மாணவிக்கு அங்கே போக இடமிருக்கிறது. மற்ற இரண்டிலும் முதுநிலை மாணவர்களே கிடையாது. அதனால் ஆசிரியரின் முழுக் கவனமும் இளையவர்களுக்கே கிடைக்கும், எல்லையும் சீக்கிரம் வந்துவிடும்.

கார்ல்டனின் ஆண்டு பத்துப் பத்து வாரங்களாக மூன்று பருவங்கள். ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்றே பாடங்கள். பாடச்சுமை குறைவு என்று தோன்றும், ஆனால் ஐந்தாம் வாரத்திலேயே இடைத்தேர்வு வந்து நிற்கும். ஒரு கணக்கை மூன்று நாள் சுமந்து திரிகிற பெண்ணுக்கு இந்த ஓட்டம் ஒத்துவருமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அதே கால அமைப்பில் இன்னொரு பலனும் உண்டு. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை அங்கே நீண்ட விடுமுறை. அதாவது சென்னையின் டிசம்பர் சீசன் முழுவதும் அவள் கையில் இருக்கும். கர்நாடக இசைக்காக வெஸ்லியன் என்று நினைக்கும் உங்களுக்கு, அதே இசைக்காகக் கார்ல்டன் என்றும் ஒரு வாதம் இருப்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

கிரின்னலில் எல்லோருக்கும் கட்டாயமாக உள்ள பாடம் முதலாண்டு டுட்டோரியல் என்ற சிறுகுழு வகுப்பு ஒன்றுதான். அதை நடத்தும் ஆசிரியரே, மாணவர் முதன்மைப் பாடத்தை அறிவிக்கும் வரை, அவருக்கு ஆலோசகர். கணிதமா தத்துவமா என்று தடுமாறும் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் ஆலோசகர் வெறுமனே கையெழுத்துப் போடுகிறவராக இருந்துவிட்டால் அவள் பாடு திண்டாட்டம். ஆகவே அங்கே பேசும்போது கேட்கவேண்டிய கேள்வி அதுதான்: ஆலோசகர் எப்போதாவது "இது வேண்டாம்" என்று சொன்னதுண்டா என்று மூத்த மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இனி வெஸ்லியனும் வயலினும். நீங்கள் அதை நினைத்ததில் வியப்பில்லை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களான மிருதங்க வித்வான் ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் விஸ்வநாதனும் பல ஆண்டுகள் கற்பித்த இடம் அது. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் அங்கே படித்துத்தான் நம் இசைக்குள் வந்தார். இன்றும் ஆண்டுதோறும் அங்கே நவராத்திரி விழா நடக்கிறது. வெஸ்லியன் இருக்கும் மிடில்டவுன் போன்ற சிறிய ஊரில் தம்புரா சுருதி கேட்பது எனக்கும் மனதை உருக்குகிற காரியம்தான். ஆயினும் உங்கள் கடிதத்தில் "எனக்குப் படுகிறது" என்ற சொல் உங்களுடையது, "பிடிகொடுக்காமல்" என்பது அவளுடையது. பத்து ஆண்டு பயின்ற பெண் அங்குள்ள இசை ஆசிரியர்களுக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் நான் யோசிக்காமல் வெஸ்லியன் என்பேன். எழுதவில்லையென்றால், அந்த நவராத்திரிக் கச்சேரியின் முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் காட்சிதான் இந்த முடிவை எடுக்கிறதோ என்று கொஞ்சம் யோசியுங்கள். இசையை ஒதுக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டால், நீங்கள் விவரித்த பெண்ணுக்கு முதலில் கிரின்னலையும் அதற்கடுத்து வெஸ்லியனையும் சொல்வேன்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: மூன்று உதவித்தொகைக் கடிதங்களிலும் "லோன்", "ஒர்க் ஸ்டடி" என்ற வரிகளைக் கழித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள். முன்னது திருப்பிக் கட்டவேண்டியது, பின்னது அவள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. ஒன்றுபோல் தெரிந்த தொகைகள் அப்போது வேறுபடலாம்.

இந்த மாதமே மூன்றையும் நேரில் பார்க்க முடியாவிட்டாலும் மிடில்டவுனுக்குக் காரில் போய்வந்துவிடலாம். அழைத்துச் செல்லும் மாணவர் காட்டும் நூலகத்தையும் உணவுக்கூடத்தையும் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் கணிதத் துறையின் தாழ்வாரத்தில் அவளை ஒரு மணி நேரம் தனியாக விட்டுவிடுங்கள். எத்தனை அறைக் கதவுகள் திறந்திருக்கின்றன, பலகையில் யாராவது பாதியில் விட்டுப்போன கணக்கு இருக்கிறதா, அதன் முன்னால் இவள் நின்றுவிடுகிறாளா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கிளம்பும்போது வயலினை எடுத்துவருவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். நீங்களாகக் காரில் ஏற்றிவிடாதீர்கள்.

அன்புடன்.