வீட்டில் ஒரு மாதிரி, கோயிலில் ஒரு மாதிரி: எந்த ப்ரீஆம்பை வைத்துக்கொள்வது?

கிட்டாருக்குள் இருக்கும் பிக்அப் பட்டை கம்பியின் அதிர்வை மெல்லிய மின்சாரமாக்கித் தரும், அதைப் பெரிதாக்கும் சின்ன போர்டுதான் ப்ரீஆம்ப். அதைப் பற்றி கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டாரில் ஏற்கனவே இருக்கும் நான்கு ஸ்லைடர் ப்ரீஆம்பில் சத்தம் ஒல்லியாக, தகரத்தைத் தட்டியது போல வருகிறது. ஆன்லைனில் வேறொன்று வாங்கி, அதோடு வந்த பிக்அப் பட்டையையும் மாற்றிப் போட்டு, போர்டை சவுண்ட் ஹோல் வழியாக வெளியே தொங்கவிட்டு வாசித்துப் பார்த்தேன். வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் நன்றாகக் கனமாக இருந்தது. கோயிலில் ஜி கார்டு பிடித்தாலே குமுறுகிறது. பழையதே நல்லது என்கிறார் மைக் செட் அண்ணன். எதை வைத்துக்கொள்ள?"

தம்பி, நீங்கள் வீட்டில் கேட்டதும் சரி, அந்த அண்ணன் கோயிலில் கேட்டதும் சரி. ஆனால் போர்டோடு பட்டையையும் மாற்றிவிட்டீர்களே, அங்கேதான் கணக்கு குழம்பிவிட்டது. இப்போது கேட்கிற வித்தியாசத்தில் போர்டின் பங்கு எவ்வளவு, பட்டையின் பங்கு எவ்வளவு என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எனக்கென்னவோ பட்டை மேல்தான் முதல் சந்தேகம்.

கிட்டார் பெட்டியின்மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டைதான் சேடில். அதற்கு அடியில் இருக்கும் பீசோ பட்டை அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் பொருள். சேடில் அதன்மேல் முழு நீளத்துக்கும் ஒரே சீராக உட்கார வேண்டும். தக்கலையிலிருந்து ஒருவர் இரண்டு ப்ரீஆம்ப் மாற்றியும் சரியாகாத கிட்டாரோடு என்னிடம் வந்தார். கம்பிகளைத் தளர்த்தி சேடிலை உருவிப் பார்த்தால், பள்ளத்தின் ஒரு மூலையில் அரிசிக் குருணை அளவுக்கு மரத்தூள் கட்டி கிடந்தது. அதன்மேல் பட்டை மேடாக நின்றதால் இரண்டு கம்பி கத்தியது, மற்ற நான்கும் முனகியது. பள்ளத்தைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை வைத்து சேடிலின் அடிப்பக்கத்தை மட்டமாகத் தேய்த்தேன். அவர் கழற்றி வீசிய முதல் ப்ரீஆம்பையே திரும்பப் பொருத்தி அனுப்பினேன். ஆகவே நீங்களும் முதலில் ஒவ்வொரு கம்பியாக ஒரே பலத்தில் தட்டிப் பாருங்கள். ஆறும் ஒரே அளவில் கேட்க வேண்டும். அப்புறம் ஒரே பட்டையில் இரண்டு போர்டையும் மாறி மாறிச் சொருகுங்கள். இரண்டு போர்டிலும் பட்டையின் ஒயரைச் சொருகும் முனை ஒரே அளவாக இருந்தால் இரண்டு நிமிட வேலை.

சரி, பட்டை ஒன்றேதான், கம்பியும் அதேதான் என்றாகிவிட்டது. இனி மிஞ்சுகிற வித்தியாசம் போர்டுடையது. அதில் பெரும்பங்கு பட்டையின் ஒயர் வந்து சேரும் நுழைவாயிலில் இருக்கிறது. பீசோ பட்டை ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) மாதிரி. அதன் கொள்ளளவு ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். போர்டின் நுழைவு மின்தடை 1 மெகா ஓம் என்றால், சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 160 அதிர்வு) கீழே சத்தம் சரியத் தொடங்கும். 10 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 110, டி கம்பி 147. அதாவது 1 மெகா ஓம் போர்டில் கீழ்க்கம்பி மூன்றின் அடிநாதமும் குறைந்துதான் உள்ளே போகும். தடித்த ஈ கம்பியில் பாதிக்கும் மேல் போய்விடும். பட்டை சரியாக உட்கார்ந்திருந்தால், நீங்கள் சொல்லும் தகரச் சத்தம் பெரும்பாலும் இதுதான்.

இந்த மின்தடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். போர்டில் பட்டையின் ஒயர் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எள்ளு மாதிரி கறுப்பு ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 105 என்றால் 1 மெகா ஓம், 225 என்றால் 2.2, 475 என்றால் 4.7, 106 என்றால் 10. பழைய மாதிரி கால் வைத்த ரெசிஸ்டர் என்றால் பழுப்பு, கறுப்பு, பச்சை வளையம் 1 மெகா ஓம். பச்சைக்குப் பதில் நீலம் இருந்தால் 10. பக்கத்திலிருக்கும், சிக்னலைப் பெரிதாக்கும் எட்டுக்கால் ஐசியின் (சிப்பின்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 072 என்று முடிந்தால் இரைச்சல் குறைவு, ஆனால் சுமார் 3 மில்லி ஆம்பியர் மின்சாரம் தின்னும். 062 என்றால் அரை மில்லி ஆம்பியர்கூட எடுக்காது, பேட்டரி மாதக்கணக்கில் வரும், இரைச்சல் கொஞ்சம் கூடுதல்.

இனி வீட்டில் நன்றாக இருந்தது கோயிலில் ஏன் குமுறுகிறது என்பது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்நாதம் சரியாக எட்டாது. சத்தம் கூடக்கூட அது மற்றவற்றைவிட வேகமாக ஏறும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். இரவில் வீட்டார் தூங்கும்போது மெதுவாக வைத்துக் கேட்டுச் சரிசெய்த பேஸ், கோயில் ஸ்பீக்கரில் இரண்டு மடங்காகத் தெரிவது அதனால்தான். அதோடு உங்கள் கிட்டாரின் பெட்டிக்கே ஒரு சொந்த அதிர்வு உண்டு. வழக்கமான பெரிய பெட்டிக் கிட்டாரில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஜி கார்டில் தடித்த கம்பியின் மூன்றாம் கட்டையில் விரல் வைக்கிறீர்களே, அந்த சுரம் 98 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் சத்தம் பெட்டியை உலுக்க, பெட்டி பட்டையை உலுக்க, அது மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். பழைய போர்டு 1 மெகா ஓம் என்றால் அந்த நாதத்தை வாசலிலேயே வெகுவாகக் குறைத்துவிடும், அதனால் அங்கே குமுறல் இல்லை. மைக் செட் அண்ணனுக்கு அது பிடித்ததில் ஆச்சரியமே இல்லை.

என் தீர்ப்பு புதிய போர்டுக்குத்தான். இருக்கிற பேஸைக் குமிழைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாம். வாசலிலேயே போய்விட்ட பேஸை ஸ்லைடரைத் தள்ளி மீட்கப்போனால் கூடவே இரைச்சலும் ஏறும். கோயிலில் பேஸை நடுவுக்குக் கீழே இறக்குங்கள். சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டன் இருந்தால் ஒரு தடவை மாற்றி அழுத்திப் பாருங்கள், குமுறல் பாதியாகும் வாய்ப்பு உண்டு. சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி போட்டால் இன்னும் அடங்கும். கீபோர்டில் இடது கை நிறைய வாசிப்பவர் உங்கள் குழுவில் இருந்தால், கிட்டார் ஒல்லியாக இருப்பதே பாட்டுக்கு நல்லது. தனியாகக் கேட்கும்போது அழகாக இருக்கும் கனம், இருபது பேர் பாடும்போது சேறாகிவிடும்.

ஆனால் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மிக்சரில் யூஎஸ்பி இருந்தால் லேப்டாப்பில் பதிவு செய்யுங்கள். போன் மைக்கில் வேண்டாம், போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கி இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும். பழைய போர்டில் ஒரு நிமிடம், புதியதில் அதே பாட்டை ஒரு நிமிடம். மிக்சரின் மீட்டரில் இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும்படி கெயினை (உள்ளே வரும் சத்தத்தைப் பெரிதாக்கும் குமிழை) வையுங்கள். துளி சத்தம் கூடுதலாக இருக்கிற போர்டுதான் எப்போதும் நல்ல டோன் போலத் தோன்றும், எனக்கும் அப்படித்தான். ஸ்லைடர்கள் நடுவில் இருந்தால் டோன் மாறாமல் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நடு என்பது ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொன்று. இரண்டையும் திருப்பித் திருப்பி ஒரே மாதிரி ஒலிக்க வைக்க முயலுங்கள். அப்படியும் ஒன்றாகாமல் நிற்பது எதுவோ, அதுதான் போர்டின் சொந்தக் குணம்: அடிநாதம் எவ்வளவு வருகிறது, வாசிக்காதபோது எவ்வளவு இரைகிறது, வேகமாக ஸ்ட்ரம் பண்ணும்போது சத்தம் உடைகிறதா. பிறகு பதிவை உங்கள் கூட்டாளியிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் போடச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையை சனிக்கிழமை காலிக் கோயிலில் செய்வதோடு நிறுத்திவிட வேண்டாம். ஞாயிறு திருப்பலிக்கு ஆள் நிறையும்போது உடையும் உடம்பும் மேல்நாதத்தைத்தான் அதிகம் குடிக்கும், அடிநாதம் அப்படியே நிற்கும். சனிக்கிழமை வைத்த ட்ரெபிள் ஞாயிற்றுக்கிழமை போதாமல் போகும்.

ஒப்பிடும் முன்பு இரண்டு போர்டுக்கும் புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். மல்டிமீட்டரில் 7 வோல்ட் காட்டும் பேட்டரியில் நல்ல போர்டும்கூட பலமான ஸ்ட்ரம்மில் உடைந்து ஒலிக்கலாம். கேபிளைச் சொருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும், வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் பேட்டரி கிளிப்பும் ஜாக்கும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். முட்டத்திலிருந்து வந்த ஒரு கிட்டாரில் கிளிப்பைத் தொட்டதும் ஒயர் கையோடு வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை துணியால் துடைத்துப் பாருங்கள்.

கடைசியாக, புதிய போர்டை இன்னும் தொங்கவிட்டே வைத்திருப்பது நல்ல காரியம். அப்படியே இரண்டு மூன்று ஞாயிறு டேப் ஒட்டி வாசியுங்கள். புதிய போர்டின் சட்டம் பழைய ஓட்டையைவிடப் பெரிதாக இருந்தால் கிட்டாரின் பக்கவாட்டு மரத்தை வெட்ட வேண்டிவரும், வெட்டிய மரம் திரும்ப வராது. சட்டம் சிறிதாக இருந்தாலும் நடுவில் விழும் இடைவெளிக்கு மரச்சட்டம் ஒன்று செய்து அடைக்க வேண்டும். ஓட்டையையும் சட்டத்தையும் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு, அதன்பிறகு யாரிடமாவது கொடுங்கள்.