வாக்கி டாக்கி இரைச்சலை நிறுத்த ஸ்குவெல்ச்சை 9-இல் வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஸ்குவெல்ச் என்பது செட்டில் 0 முதல் 9 வரை எண் வைத்து இரைச்சலை அடக்குகிற செட்டிங். நீங்களும் கட்டட சைட்டிலோ செக்யூரிட்டி வேலையிலோ இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நாள் முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று காதில் விழுந்தால் எரிச்சல் வரும், தெரியும். ஆனால் அது செட்டில் உள்ள கோளாறு இல்லை. சிக்னல் எதுவும் வராதபோது எப்.எம். ரிசீவர் வெறும் இரைச்சலைத்தான் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். யாராவது பட்டனை அழுத்திப் பேசினால் அந்த இரைச்சல் அமுங்கிவிடும். அமுங்கினால் ஸ்பீக்கரைத் திறப்பது, இல்லாவிட்டால் மூடுவது, ஸ்குவெல்ச் செய்வது இதுதான். எண்ணைக் கூட்டக் கூட, திறப்பதற்கு இன்னும் பலமான சிக்னல் வேண்டும்.

நான் டவர் கிரேன் சிக்னல்மேன். ஒரு சைட்டில் புதிதாக வந்த சூப்பர்வைசர் இரைச்சல் பிடிக்காமல் எல்லா செட்டையும் 9-க்கு ஏற்றிவிட்டார். மேல்தளத்தில் நின்றவரை பிரச்சினை இல்லை. இரண்டாம் பேஸ்மென்ட்டில் நின்று கம்பிக்கட்டை இறக்கச் சொன்னபோது லோடு பாதியில் நின்றுவிட்டது. ஆபரேட்டர் கண்ணுக்கு நாங்கள் தெரியாத இடத்தில் "இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்போம். குரல் நின்றால் அவர் கிரேனை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. கான்கிரீட்டைத் தாண்டி மேலே போவதற்குள் மெலிந்துபோன என் சிக்னலை அவர் செட் உள்ளேயே விடவில்லை. ஸ்குவெல்ச்சைத் தாண்டி ஸ்பீக்கரைத் திறந்துவிடுகிற மானிட்டர் பட்டனை அவர் அழுத்திப் பிடித்ததும் கரகரப்போடு என் குரல் கேட்டது. அன்றே எல்லா செட்டையும் 2-க்கு இறக்க வைத்தேன்.

யாரும் பேசாத நேரத்தில் 0-இல் வைத்து, இரைச்சல் அடங்கும்வரை ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். அடங்கியதும் விட்டுவிடுங்கள். "எங்கள் சைட்டில் 5-தான் சரி" என்று யாராவது சொல்லலாம். பக்கத்தில் வெல்டிங் மெஷினோ ஜெனரேட்டரோ ஓடினால் 5 தேவைப்படலாம், மறுக்கவில்லை. அப்புறம், டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி; அது பொருந்தினால்தான் ஸ்பீக்கர் திறக்கும்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். டோன் போட்டால் வேறு சைட் பேச்சு உங்கள் ஸ்பீக்கரில் வராது, அவ்வளவுதான். அதே சேனலில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பேச்சோடு அது மோதத்தான் செய்யும்.

இதையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த சைட்டுகளில் புது செட்டும் புது பேட்டரியும் ஆபீஸ் ரூமுக்குத்தான் போகும். பேஸ்மென்ட்டில் லோடு வாங்குகிறவனுக்கு ஆன்டெனா ஆடுகிற பழைய செட். பேட்டரி மதியத்துக்குள் இறங்கிவிடும். சிக்னல் பலமாகப் போக வேண்டியது அவனிடமிருந்துதான். முதலில் அவனுக்கு நல்ல செட் கொடுங்கள்.