தோல் கழலை நோய்: மாடு வளர்ப்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, முப்பது வருஷமாக மாடு பார்க்கிறேன்.

மாதவரம்: டாக்டர், போன வருஷமே ஊசி போட்டேன். இப்போது பக்கத்துக் கொட்டகை மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி. புது ரக வைரஸாமே?

ரகம் மாறியது உண்மைதான். 2019-ல் ஒடிசாவில் தெரிந்தபோது இவ்வளவு சாவு இல்லை. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் என்று பல மாநிலங்களில் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் அந்தச் சமயத்து வைரஸின் மரபணுவைப் படித்தபோது இரண்டு வகை தெரிந்தது. ஒன்று 2019 ராஞ்சி வைரஸைப் போன்றது. நிறைய மாறியிருந்த மற்றொன்று, 2015-ல் ரஷ்யாவில் பரவியதை ஒத்திருந்தது.

ஆனால் ரகத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் போடுவது வெள்ளாட்டு அம்மை ஊசி. அது இந்த நோய்க்கென்றே செய்ததல்ல, இதன் பங்காளி நோய்க்கான ஊசி; முழுக் காப்பு தராது. வருஷா வருஷம் போட வேண்டும், பலன் தெரிய மூன்று வாரமாவது ஆகும். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. ஒரே ஊசியால் கொட்டகை முழுக்கக் குத்தினால் நோயை நாமே பரப்புகிறோம்.

செங்குன்றம்: பால் குடிக்கலாமா?

காய்ச்சிக் குடியுங்கள். மனிதருக்கு இந்த நோய் வராது.

பூந்தமல்லி: வெற்றிலை மிளகு உருண்டை போதும், ஊசி வேண்டாம் என்கிறார் மாமா.

வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல் உப்பு 10 கிராம், வெல்லம் சேர்த்து அரைத்துக் கொடுங்கள், தடையில்லை. ஊசியை நிறுத்தாதீர்கள்.

அம்பத்தூர்: ஐயா, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் ஊசியால்தான் ரஷ்யாவில் புது ரகமே உருவானது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை தம்பி. 2017-ல் ரஷ்யாவில் பிடிபட்டது ஊசி வைரஸும் வெளி வைரஸும் கலந்த ரகம். பிறகு சீனா, வியட்நாமிலும் அதே மாதிரி கலப்பு ரகங்கள் தெரிந்தன. ரஷ்யாவின் அண்டை நாடான கஜகஸ்தானில் போட்ட ஊசியில், தயாரிக்கும்போதே வேறு வைரஸ்கள் கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. தப்பு தரத்தில். தரமான ஊசி வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். ஊசியே வேண்டாம் என்றால் சாவது கன்றுக்குட்டிதான்.

அம்பத்தூர்: அப்போ எங்கள் நாட்டு மாட்டுக்கும் அவசியமா?

அவசியம். கலப்பின மாட்டைவிடத் தாங்கும், வராமல் இருக்காது.

வேளச்சேரி: பால் குடித்தால் குழந்தைக்கு வருமா?

மேலே சொல்லிவிட்டேன் அம்மா. வராது.

ஆவடி: நாய்க்குத் தோலில் புண்.

அது வேறு நோய். நாய் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருவல்லிக்கேணி: தெருவில் மேயும் மாட்டை என்ன செய்வது?

கட்டி வையுங்கள். பரப்புவது கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. சாணியை அன்றன்றே அள்ளுங்கள், சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், கூட்டி எரித்துவிடுங்கள். புதிதாக வாங்கிய மாட்டை 28 நாள் தனியாகக் கட்டுங்கள். காய்ச்சலோடு கட்டி தெரிந்தால் கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றச் சொல்லுங்கள்.