வாளியில் புழு, தக்காளியில் மஞ்சள்

கேள்வி: ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியில் உரம் செய்ய ஒரு மாதமாகக் காய்கறிக் கழிவைப் போட்டு வருகிறேன். மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம், நெளிநெளியாகப் புழு. பக்கத்து வீட்டில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். கடையில் விற்கும் பவுடர் தூவினால் சரியாகுமா? (வாசகி, மதுரை)

பதில்: பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள், சருகைக் கொட்டுங்கள். பூசணிக் குடல், வெள்ளரித் தோல் எல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். அது வாளியின் அடியில் தேங்கி, காற்றுப் போக வழியில்லாமல் போனால் கழிவு மட்காது, அழுகும். வாளியைச் சாக்கில் கவிழ்த்து அரை நாள் நிழலில் ஆறவிட்டு, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த வேப்பிலையோ புங்க இலையோ கலந்து திரும்ப நிரப்புங்கள். சருகு கிடைக்காவிட்டால் முட்டை அட்டையைக் கிழித்துப் போடலாம். அப்புறம் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் சொட்டினால் இன்னும் சருகு வேண்டும், கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றால் சரி. நாலு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள், தினமும் கிளறினால் மட்கத் தேவையான சூடு ஏறாது. சோறு, மீன், எண்ணெய்ப் பலகாரம் போட்டால் எலி வரும்.

புழுவா? தடித்து, பழுப்பாக, வளையம் வளையமாக இருந்தால் அது குளவி போலத் தெரியும் ஒரு கறுப்பு ஈயின் புழு. கடிக்காது, உங்கள் வேலையைத்தான் செய்கிறது. கோழி வளர்ப்பவர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கிப் போவார்.

கேள்வி: சொந்தமாகச் செய்த உரத்தைத் தக்காளித் தொட்டிக்குப் போட்டேன். பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சள். உரமே விஷமாகுமா? (வாசகர், கோவை)

பதில்: விஷமில்லை, அவசரம். பாதி மட்கியதைப் போட்டிருப்பீர்கள். மிச்சத்தை மட்கவைக்க நுண்ணுயிரிகளுக்கே தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை, அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, செடி பட்டினி கிடக்கிறது. இரண்டு மாதம் ஆனாலும் நாள் கணக்கை நம்பாதீர்கள். ஈரமான உரத்தை ஒரு டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்துத் திறங்கள், முதல் மழையின் மண்வாசம் வர வேண்டும். புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை. எனக்கு இதைவிட வெந்தயத்தின் மேல்தான் நம்பிக்கை: சிறிது உரத்தில் பத்து வெந்தயத்தை ஊன்றுங்கள், நாலு நாளில் குறைந்தது எட்டு முளைத்துப் பச்சையாக நின்றால் தைரியமாகப் போடலாம். இப்போதைக்குத் தக்காளித் தொட்டியின் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் வழித்தெடுத்து, வாளிக்கே திருப்பி அனுப்புங்கள்.